அலுமினியத் தகட்டுக்குள் இருந்த வரலாறு

அமெரிக்காவின் தென்மாநில நகரம் ஒன்றில், எங்கள் தெருக்கோடி மாடி வீட்டைத் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்க மனுச் செய்தோம். ஓட்டல்களில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினப் பயணிகளுக்கு ஒரு காலத்தில் அங்கேதான் அறை கிடைத்தது. விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட ‘கிரீன் புக்’ பயண வழிகாட்டியில் அந்த முகவரி இருக்கிறது. வீட்டுக்கார மூதாட்டி கேட்டுக்கொண்டதால் ஆவணம் தேடும் வேலையை நான் ஏற்றேன்.

பார்வையிட வந்தவர் வாசலிலேயே உதட்டைப் பிதுக்கினார். சுவர்மேல் அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் ஜன்னல், பாதி அடைக்கப்பட்ட முன்திண்ணை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அந்தப் பதிவேட்டுக்கு வரலாற்று முக்கியத்துவம் மட்டும் போதாது. பொருள், வேலைப்பாடு, சூழல் என ஏழு அம்சங்களில் பழைய தன்மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பே கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, ஆபத்தானவை என்று தரம் பிரித்தது. அத்தகைய பகுதிகளில் வங்கிக் கடன் எட்டாக்கனி. கடன் கிடைக்காதவர் ஒழுகும் சுவரை மலிவான தகட்டால் மூடாமல் வேறென்ன செய்வார்? பராமரிக்கப் பணம் இருந்தவர்களின் மாளிகைகள் மெருகு குலையாமல் நின்று சுலபமாகப் பட்டியல் ஏறுகின்றன.

கட்டடக்கலைச் சிறப்பு என்ற அளவுகோலை விட்டுவிட்டு, வரலாற்று நிகழ்வுகளோடு உள்ள தொடர்பை முன்வைத்து எழுதினோம். இப்படி எழுதும்போது, அந்தக் காலத்து மனிதர் இன்று வந்து பார்த்தால் இடத்தை அடையாளம் காண்பாரா என்பதே அடிப்படைச் சோதனை. சிறுமியாக அங்கே தங்கிய ஒருவர் மாடிப்படியின் திருப்பத்தைப் பார்த்ததும் தன் அறை எதுவென்று கைகாட்டினார். அவருடைய வாக்குமூலத்தை முழுமையாக இணைத்தோம். தகட்டின் ஒரு மூலையை நெம்பிப் பார்த்தபோது பழைய பைன் பலகை பச்சைச் சாயத்தோடு அப்படியே இருந்தது. அதையும் படம் எடுத்துச் சேர்த்தோம்.

நூலகத்தில் பழைய நகர முகவரிப் புத்தகங்களைக் கட்டாயம் புரட்டுங்கள். கறுப்பினத்தவர் பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும்; ‘கலர்டு’, அதாவது நிறத்தவர் என்பதன் சுருக்கம். ஒதுக்கிவைப்பதற்காக இட்ட அந்தக் குறியை வைத்தே தையற்காரர், முடிதிருத்துபவர், செவிலியர் என்று தெரு முழுவதையும் ஆண்டுவாரியாகத் திரட்டினேன். படிக்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனால் அதைவிட வலுவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மாநில மறுஆய்வுக் குழுவைத் தாண்டி வாஷிங்டனிலும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் சொந்தப் பணத்தில் ஒருவர் இடிக்க நினைத்தால் இந்தப் பதிவு தடுக்காது. அதற்கு நகராட்சியின் பாதுகாப்பு அறிவிப்பு வேண்டும். அது வந்தால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்குமே, செலவு கூடுமே என்று மூதாட்டி பயப்படுகிறார். நியாயமான பயம். பழுதுபார்க்க உதவித்தொகையும் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டே நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். விசாரணை அடுத்த மாதம். தெருவில் உள்ள அத்தனை பேரும் போகிறோம்.