அறுபதாவது நாளுக்கு முந்தைய மாலை

ஏட்டையா வழக்குக் கட்டை அரசு வழக்கறிஞரான என் மேசையில் வைத்தபோது மணி ஐந்தரை. கொடுங்காய வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் சிறைக்குப் போய் நாளையோடு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால், சிறையில் இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம்.

காயச் சான்றில் இடது முழங்கை எலும்பு முறிவு. சாட்சி வாக்குமூலத்திலோ வலது கை! "எழுதினதை அடித்துத் திருத்தாதீங்க ஏட்டையா. சாட்சியை மறுபடி விசாரித்து, அவர் சொல்றதைத் தனியா எழுதுங்க" என்றேன்.

குற்றப்பத்திரிகை போடுவதா வேண்டாமா என்பது விசாரணை அதிகாரியின் முடிவு. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்கும்படி நீதிமன்றம்கூடக் கட்டளையிட முடியாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரிதான். ஆனால் ஓட்டையை இன்றே காட்டாவிட்டால், அடிபட்டவர்தான் கூண்டில் நின்று தவிப்பார்.

ஏட்டையா பைக்கைத் திருப்பினார். சாட்சியின் ஊர் 20 கிலோமீட்டர்.