பிரஷரும் ராத்திரி பரோட்டாவும்

கால் ஆணியைக் காட்டத்தான் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் போனேன். "அண்ணாச்சி, பிரஷர் 168-க்கு 104 இருக்கு" என்றார் நர்ஸ். வயது 43, எடை 94 கிலோ, ஒரு தலைவலிகூட வந்ததில்லை. டாக்டரம்மா பெரிய பட்டையைச் சுற்றி மறுபடி பார்த்தார், பருத்த கைக்குச் சின்னப் பட்டை என்றால் அளவைக் கூடுதலாகக் காட்டுமாம். அதிலும் 160-க்கு 100. இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்.

கடன் கவலைதான் காரணம், அது தீராமல் இது தீராது என்று சொன்னேன். அவர் கேட்டது வேறு: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

டவுனில் கடையை அடைக்க பத்தரை ஆகும். வழியில் நாலு பரோட்டா, சால்னா. வீட்டில் ஒரு மணி வரை கணக்கு நோட்டு, அப்புறம் நாலு மணி நேரத் தூக்கம், அதிலும் குறட்டை நடுவில் அடைத்துக்கொள்கிறது என்று என் மனைவி பல நாள் பயந்திருக்கிறாள். கவலையால் ஏறுகிற பிரஷர் அந்த நேரத்துக்கு ஏறி இறங்கிவிடும், ஆனால் கவலை மாதக்கணக்கில் இருந்தால் தூக்கம் கெட்டு, பசி கூடி, வயிறு பெருத்து, அந்தக் கொழுப்பால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், பிரஷர் ஏறியபடியே நின்றுவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சுமார் ஒரு புள்ளி இறங்குமாம். கடனை நான் உடனே அடைக்க முடியாது, பரோட்டாவை நிறுத்த முடியும்.

கணக்கு நோட்டை மனைவி வாங்கிக்கொண்டாள். எட்டரைக்கு கடைக்கே சாப்பாடு வந்தது. காலையில் குறுக்குத்துறை வரை நடை. உப்பைக் குறைக்க மோர்மிளகாயையும் கருவாட்டையும் விட்டதுதான் கஷ்டமாக இருந்தது, "உப்பில்லாம என்னலே சோறு" என்று அம்மா ஒரு மாதம் வருத்தப்பட்டாள்.

வீட்டில் மெஷின் வாங்கி, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் பார்த்து எழுதி வைத்தேன். கடன்காரர் போன் செய்த அன்று 152, மறுநாள் காலை 136. நடுவில் நன்றாகத்தானே இருக்கிறது என்று நானாகப் பத்து நாள் மாத்திரையை விட்டேன், 150-ஐத் தாண்டிவிட்டது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எட்டு மாதம் ஆகிறது. இன்று காலை 85 கிலோ, 128-க்கு 82. மாத்திரை அதே ஒன்றுதான், கூட்டவில்லை. கடன் இன்னும் பாதி இருக்கிறது. குறட்டை அடைப்பது குறைந்துவிட்டது என்கிறாள் மனைவி, அவளும் இப்போது தூங்குகிறாள்.