நண்டாங்கோயிலுக்கு அக்காவோடு

கும்பகோணத்திலிருந்து திருவிசநல்லூர்ப் பக்கம் போய் உள்ளே திரும்பினால் திருந்துதேவன்குடி. காவிரி வடகரையில் உள்ள பாடல் பெற்ற தலம். ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வயலுக்கு நடுவில், தாமரை பூக்கும் அகழி சூழ, கோயில் மட்டும் நிற்கிறது. வழியில் திருந்துதேவன்குடி என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். நண்டாங்கோயில் என்றால் கை தானாக நீள்கிறது.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடக ராசி, ஆயில்யம். "உன் ராசிக்கும் நட்சத்திரத்துக்கும் உரிய கோயில்டி, ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்" என்று அவள் மாமியார் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டோம். அவர் கோயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தேதியைப் பற்றித்தான் பேசினார். மருந்து ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும், அப்போது கூட்டத்துக்குப் போகாதீர்கள். 21 நாள் சுற்றில் மூன்றாவது வாரம், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, முகக்கவசத்தோடு போங்கள். அங்கே எதைக் கொடுத்தாலும் உள்ளுக்குச் சாப்பிடும் முன் என்னிடம் கேளுங்கள். சரி என்று, கூட்டம் கூடும் ஆயில்ய நாளைத் தவிர்த்துவிட்டு, சாதாரண புதன்கிழமையில் திருச்சியிலிருந்து ரயில் ஏறினோம்.

அக்காவுக்கு முடி முழுக்கக் கொட்டியிருந்தது. தெருவில் இறங்கினாலே முக்காடு போடுவாள். கோயில் வாசலில் காற்றில் துணி விலகிவிட்டது. அர்ச்சனைத் தட்டு விற்ற அம்மா நிமிர்ந்து பார்த்து, "மொட்டை எங்கம்மா போட்டீங்க, திருப்பதியா, சமயபுரமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. "ஆஸ்பத்திரியில" என்றாள். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. ஆனாலும் முகம் மாறவில்லை. "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இன்னொரு தாமரையை வைத்தார். அதன் பிறகு அக்கா துணியைச் சரி செய்யவில்லை. மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்க்காத இடம் கோயில்தான் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

உள்ளே சுவாமி கற்கடேஸ்வரர். துர்வாசர் சாபத்தால் நண்டான கந்தர்வன் அகழித் தாமரையைப் பறித்து தினமும் இங்கே பூசித்ததாகக் கதை. அதே நேரம் இந்திரனும் 1008 தாமரையால் அர்ச்சித்து வந்தான். ஒரு பூ குறைந்தது. நண்டுதான் எடுத்தது என்று வாளை ஓங்கினான். சுவாமி தம் திருமேனியிலேயே துளை விட்டு நண்டை உள்ளே வாங்கிக்கொண்டார். வெட்டு சுவாமி மேல் விழுந்தது. குருக்கள் தீபத்தைக் கிட்டே பிடித்து அந்தத் துளையையும் தழும்பையும் காட்டினார். அக்காவின் கை தானாக இடது மார்புப் பக்கம் போனது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அம்பாள் இங்கே இருவர்: அருமருந்தம்மை, அபூர்வநாயகி. வாதத்தில் படுத்த சோழ மன்னனுக்கு வயதான வைத்தியத் தம்பதியாக சுவாமியும் அம்பாளும் வந்து, திருநீறு கலந்த நீர் கொடுத்துக் குணப்படுத்தினார்கள் என்கிறது தல புராணம். "மருந்து வேண்டில் இவை" என்றுதான் சம்பந்தரும் இத்தலத்துப் பதிகத்தைத் தொடங்குகிறார். கோயிலுக்குப் போகிறாயே, ஊசியை நிறுத்திவிடு என்று எங்களுக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. சுவாமியே வைத்தியராக வந்த கதையை அவர்கள் கேட்டதில்லை போலும்.

அபிஷேக நல்லெண்ணெய் பிரசாதமாகக் கிடைத்தது. உள்ளுக்கும் வேண்டாம், கதிர்வீச்சு கொடுக்கப்போகிற தோலிலும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் முகம் வாடாமல் இருக்க, அக்கா அதை வீட்டு விளக்கில் ஊற்றி ஏற்றினாள்.

பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தம்பதியைப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய், கதிர்வீச்சு முடிந்திருந்தது. பேச்சு சரியாக வரவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துக் காட்டி, அக்காவின் கையிலும் ஒரு பாட்டிலைத் திணித்தார். வாய் வறண்டால் அடிக்கடி இப்படி என்று அர்த்தம். அவர் கணவர் ஒரு நடமாடும் விசாரணை அலுவலகம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எங்கள் கீமோவும் அடங்குமா என்று பார்த்தீர்களா என்றார். ரயில் டிக்கெட் காட்டுங்கள் என்றார். முழுக் கட்டணம் கொடுத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி கவுன்ட்டரில் கொடுங்கள். "கோயிலுக்கு வந்ததுக்குக் காசு கொடுத்தீங்க, பரவாயில்ல. சென்னைக்கு ஸ்கேனுக்குப் போறப்பவும் கொடுத்துடாதீங்க" என்றார்.

இத்தனை மாதம் உறவுக்காரர்கள் வந்து போனார்கள். ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்காவிடமே நேராகக் கேட்டவர்கள் இவர்கள்தான்.

போன் நம்பர் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இப்போதும் ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தின சாயங்காலம் அங்கிருந்து அழைப்பு வருகிறது. கணவர் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பார். அந்த அம்மா "ம்", "ம்ஹூம்" மட்டும்தான். அக்கா பேசிக்கொண்டே போவாள். சாமியைப் பற்றி அதிகம் இல்லை. மிளகாயே இல்லாமல் அந்த அம்மாவின் வாய்க்கு எரியாத மாதிரி மோர்க்குழம்பு எப்படி வைப்பது என்பதுதான் இந்த மாதப் பேச்சு. தேங்காயைக் கூடுதலாக அரைக்கச் சொல்லியிருக்கிறாள்.