இடி முழங்கினால் நின்றுவிடும் மெயில் சேர்வர்

கிளிநொச்சியில், வீட்டிலேயே மெயில் சேர்வர் (மின்னஞ்சல்களை வாங்கி அனுப்பும் கணினி) வைத்திருக்கிறேன் என்று சொன்னால் விளங்கியவர்கள் முதலில் கேட்பது "கரண்ட் போனால் என்ன செய்வாய்?" என்றுதான். விளங்காதவர்கள் "ஜிமெயில் சும்மாதானே கிடைக்குது" என்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கு வரும் கடிதம் என் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கட்டும் என்றொரு பிடிவாதம், அவ்வளவுதான். கரண்ட் விடயம் வேறு, அதைத்தான் பெரிய பிரச்சினை என்று நானும் நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தது. டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்), போஸ்ட்ஃபிக்ஸ் (கடிதங்களை வாங்கி அனுப்புவது), டவ்கொட் (வந்ததை வைத்திருந்து வாசிக்கத் தருவது) மூன்றையும் போட ஒரு பின்னேரம் போதும். கரண்ட் நின்றால் மடிக்கணினி தன் பற்றறியில் ஓடும். றவுட்டர் 12 வோல்டில் ஓடுவது என்பதால் அதற்கும் ஒரு சின்னப் பற்றறி கட்டிவிட்டேன் (எல்லா றவுட்டரும் 12 இல்லை, அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் கொழுவிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்). 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறக்காதவன் இதையெல்லாம் யோசிக்கத்தானே செய்வான்.

ஆனால் அவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லை. மின்னஞ்சல் போக்குவரத்துக்கான எஸ்.எம்.டி.பி விதிகளை ஜோன் போஸ்டல் 1982 இல் எழுதும்போதே, போய்ச் சேரும் இடம் சில நேரம் கிடைக்காது என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதியிருக்கிறார். என் வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் அனுப்புகிற சேர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்து தட்டும், பிறகும் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் வழமையாக 5 நாள் வரை பார்த்துவிட்டுத்தான் கைவிடும். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வரவேண்டிய கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த ஊருக்கு 5 நாள் எல்லாம் ஒரு விடயமா? ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் வங்கி இரகசிய எண்ணுக்கு மட்டும் இந்தப் பொறுமை உதவாது, அதற்குக் கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுத்துவிடுங்கள்.

உண்மையான தலையிடி விலாசம். றவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் வெளிப்பக்க ஐபி (இணையத்தில் வீட்டின் விலாச எண்) 100.72 என்று தொடங்குகிறது, வெளியே இருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை இணைய இணைப்புத் தரும் கம்பனிகள் தங்கள் வலைக்குள் பாவிக்க 2012 இல் ஒதுக்கிவைத்த விலாசங்கள். அதாவது ஒரே பொது விலாசத்துக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள், அதில் என் வீடும் ஒன்று. வெளியே இருந்து வருகிற கடிதத்துக்கு எந்தப் படலையைத் தட்டுவது என்றே தெரியாது. இணைப்புத் தரும் இடத்துக்கு அழைத்து நிலையான ஐபி கேட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் கதைத்த பிள்ளை "வீட்டு லைனுக்கு அது குடுக்கிறேல்ல அண்ணா, நீங்கள் ஏதும் கடை வச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டார். சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான போர்ட் 25 வெளியே போகவும் பூட்டியிருந்தது. அதைப் பூட்டுவதில் நியாயம் இருக்கிறது, வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் வழியாகத்தான் உலகத்துக் குப்பை மெயிலில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்தது. குப்பை மெயிலைத் தடுக்கப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் என்ற பட்டியலில் வீட்டு இணைப்பு விலாசங்கள் தொகுதி தொகுதியாகக் கிடப்பதும் அதனால்தான். அது குற்றவாளிப் பட்டியல் இல்லை, 'இந்த விலாசங்களில் இருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது' என்ற அறிவித்தல். பக்கத்து வீட்டுக்காரன் செய்ததற்கு என் வீட்டுப் படலையும் பூட்டு, சரி.

அப்புறம் செய்ததுதான் எல்லாரும் செய்வது. வெளிநாட்டில் ஒரு சின்ன வி.பி.எஸ் (பொது ஐபியோடு கிடைக்கும் மெய்நிகர் சேர்வர்) வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து வீடு வரைக்கும் வயர்கார்ட் என்ற மென்பொருளால் இணையத்துக்குள் ஒரு தனிப்பாதை, அதாவது சுரங்கம் போட்டேன். சுரங்கத்தை வீட்டுப் பக்கம் இருந்துதான் தொடங்க வேண்டும், 25 செக்கனுக்கு ஒருக்கா ஒரு சிறு தரவுப் பொட்டலம் அனுப்பி அதை மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதம் வி.பி.எஸ்ஸின் ஐபிக்கு வந்து, அங்கே நிற்காமல் நேரே கிளிநொச்சிக்கு வந்து இறங்கும். நான் அனுப்புவதும் அதே வழியால்தான் வெளியே போகும். டி.என்.எஸ் என்பது எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் இணைய விலாசப் புத்தகம். அந்த ஐபிக்குத் தலைகீழ் டி.என்.எஸ் பெயரும் (ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது) வைக்க முடிந்தது, அது இல்லாமல் பெரிய சேவைகள் ஏறெடுத்தும் பார்க்காது. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பெப்ரவரியில் இருந்து எஸ்.பி.எஃப் (எந்தச் சேர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (கடிதத்தில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) விடயத்திலும் இறுக்கிப் பிடிக்கின்றன.

இந்த டிகிம்மில்தான் இரண்டு நாள் போனது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் 2048 பிட் சாவியை டி.என்.எஸ்ஸில் போடும்போது ஒரு துண்டுக்குள் 255 எழுத்துக்குமேல் அடங்காது, இரண்டு துண்டாகப் பிரித்துப் போடவேண்டும். நான் ஒட்டியது பாதியோடு வெட்டுப்பட்டு நின்றிருக்கிறது. பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை, கடிதங்கள் சத்தமில்லாமல் ஸ்பாமுக்குள் போய்க்கொண்டிருந்தன. கனடாவில் இருக்கும் சின்னம்மா தொலைபேசியில் "உன்ர மெயில் குப்பைக்குள்ள கிடந்து எடுத்தனான்" என்று சொன்ன பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

போன ஐப்பசியில் வவுனியாவுக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் மடிக்கணினி, றவுட்டர், பற்றறி எல்லாம் வயர் கழற்றி, துவாயால் மூடிக் கிடக்கின்றன. "இடி இடிச்சுது தம்பி, போன முறை டிவி போனது மறந்துபோச்சோ?" என்றார் அம்மா. ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் திரும்பக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு நாள் கடிதங்களும் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. முதலாவது சின்னம்மாவினது: "ஏன் பதிலில்லை, அங்க மழையோ?"