கத்திரி நாட்கள்

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. கடைக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பு கழன்றிருக்கிறது. பின்னால் வந்த பையன் "அக்கா, செருப்பு" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். பாதத்தில் தார்ச்சூடு தெரிந்தது. செருப்பு இல்லாதது தெரியவில்லை.

மே 6

தலைக்குக் குளிக்க அம்மா வெந்நீர் வைத்தார். நாலு சொம்பு ஊற்றுவதற்குள் வலது கண் மங்கி, இடது கால் துவண்டுவிட்டது. இவர் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து ஈரத்துண்டு போட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி.

எனக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறை அழியும் நோய். சூட்டில் இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். 1890இலேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மையலின் உறை போன இழையில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் போதும், துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்ள, துடிப்பு குறுகி, உறையின் அடுத்த இடைவெளியான ரேன்வீர் கணுவைத் தூண்டப் போதாமல் நின்றுவிடும். குளிர்ந்தால் திரும்பப் போகும். புதுச் சேதம் இல்லை. தெரியும். இருந்தாலும் கண் மங்கிய அந்த நேரத்தில் தெரிந்த எதுவும் துணைக்கு வரவில்லை.

அந்தக் கணுக்களை எத்தனை வருடமாகப் போர்டில் வரைகிறேன். துடிப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் என்று சாக்பீஸால் தட்டித் தட்டிக் காட்டுவேன். தாவ முடியாமல் போனால் என்ன ஆகும் மிஸ் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

மே 7

பச்சைத்தண்ணீர்க் குளியல். நல்ல நாள்.

மே 11

ராத்திரி கரன்ட் போய்விட்டது. கட்டிலிலிருந்து இறங்கி நின்றேன், அவ்வளவுதான். கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இவர் டார்ச் கொண்டுவரும்வரை அப்படியே நின்றேன்.

டாக்டர் கையை எதிர்த்துக் காலால் தள்ளச் சொன்னபோது "பலம் முழுசா இருக்கு" என்றார். அடுத்து, பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்துவிட்டேன். பாதமும் மூட்டும் எங்கே இருக்கின்றன என்ற சேதி தண்டுவடத்தின் பின்பக்க இழைகள் வழியாக மேலே ஏறி, மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸைத் தொட்டு, மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போக வேண்டும். சூடும் வலியும் வேறு பாதை. அதனால்தான் தார் சுட்டது. கீழே இறங்கும் கட்டளை மேலே ஏறும் சேதியை நம்பித்தான் இருக்கிறது. சேதி வராத காலுக்குக் கண்தான் காவல். வெளிச்சம் போனால் அதுவும் இல்லை.

"நல்லாத்தானே நடக்கிற" என்கிறார்கள் வீட்டுக்கு வருகிறவர்கள். பகலில் வருகிறார்கள்.

மே 12

இவர் சார்ஜ் லைட் வாங்கிவந்து கட்டில் பக்கத்தில் மாட்டினார். ஒன்றும் பேசவில்லை. நானும்.

மே 17

பூ கட்டக் குனிந்தேன். பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரை கரன்ட். நிமிர்ந்தால் இல்லை. கழுத்துத் தண்டுவடத்தில் உறையிழந்த இழைகள் குனியும்போது இழுபட்டுத் தாமாகவே துடிக்கின்றனவாம். இதற்கு லெர்மிட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மே 20

பூண்டு உரித்தேன். கொஞ்சம்தான். அப்புறம் மத்தியானம் முழுக்கப் படுக்கை. "அப்படி என்ன வேலை செஞ்சே?" என்றார் அத்தை. கோபமாக அல்ல, தெரியாமல்தான் கேட்டார். ஆனாலும் அழுதேன்.

அவருக்கு எப்படிச் சொல்வது? எல்லாருக்கும் வலது கை விரலை அசைக்கும்போது பெரும்பாலும் இடது பக்க இயக்கப் புறணிதான் வேலை செய்யும். எம்.எஸ். உள்ளவர்களை மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தால், அதே சின்ன அசைவுக்கு மறுபக்கப் புறணியும் இன்னும் சில பகுதிகளும் சேர்ந்து உழைப்பது தெரிகிறது. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தில் தழும்புகள் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இது மூளை சமாளிக்கும் வழியா, சேதத்தின் அடையாளமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நான் சமாளிப்பு என்றே நம்புகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு பூண்டுப் பல்லுக்கு இத்தனை இடங்கள் எழுந்து வந்து கைகொடுக்கின்றன என்றால் நான் சோம்பேறி இல்லை.

மே 21

பின்வார் வைத்த செருப்பு வாங்கியாச்சு. கழலவில்லை. கழலவில்லை என்பதையும் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

மே 26

எம்ஆர்ஐ எடுத்தாச்சு. காடோலினியம் ஊசி போட்டார்கள். அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கும் இடம் அதில் பளிச்சென்று தெரியும்.

பழைய படத்தையும் எடுத்துப் பார்த்தேன். மூளையில் பெரிய பெரிய வெள்ளைப் புள்ளிகள். அவற்றால் எனக்கு எந்தத் தொந்தரவும் தெரிந்ததில்லை. கழுத்தில் இருப்பது சின்னது. அங்கே எல்லாப் பாதைகளும் ஒரு விரல் தடிமனுக்குள் நெருக்கியடித்துப் போகின்றன. காலும் கை விரல்களும் அந்தச் சின்னதிடம்தான் மாட்டிக்கொண்டன. புதுசாக ஒன்று வந்திருந்தால் எங்கே வந்திருக்கும்? பெரிசா சிறிசா என்பதல்ல, எங்கே. எங்கே. காலையிலிருந்து இதே நினைப்பு.

மே 27

தூக்கம் இல்லை.

மே 29

கத்திரி முடிந்ததாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. ரிப்போர்ட் வரவில்லை.

ஜூன் 1

பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்பு இந்த வருடம் மாடியில். கைப்பிடி ஒரு பக்கம்தான், ஏறும்போது வலது பக்கம். இறங்கும்போது இடது கைக்கு வரும். அந்தக் கை பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரியும், அதே நேரம் காலையும் பார்க்க வேண்டும். நாளை இவரோடு போய் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கிறேன்.