காலை நீட்டச் சொன்னால்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மருத்துவ உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நம் மக்கள் கையை நீட்டுவார்கள், காலை நீட்ட மாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் நாடி பார்த்த காலத்திலிருந்து வந்த பழக்கமோ என்னவோ, வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே மணிக்கட்டைத் திருப்பி மேசைமேல் வைத்துவிடுவார்கள். சிலிப்பரைக் கழற்றச் சொன்னால் மட்டும் தயக்கம். "வேண்டாம் தம்பி, கால் அழுக்காக இருக்கிறது" என்பார்கள். உத்தியோகத்தில் இருப்பவன் தன் காலைப் பிடிப்பதா என்ற கூச்சமும் அதில் உண்டு.

மணிக்கட்டைக் குறைத்துப் பேசவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பின்மேல் ஆரைத் தமனி, அதாவது இதயத்திலிருந்து கைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், ஓடுகிறது. மூன்று விரல்களை மெதுவாக வைத்தால் போதும். பார்ப்பவர் தன் கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் யாருடையதை எண்ணுகிறோம் என்ற குழப்பம் வரும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையைவிட ஒழுங்கைத்தான் நான் முக்கியமாகக் கவனிப்பேன். ஒருமுறை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் இருமல் மருந்துக்காக வந்தார். நாடி இரண்டு துடிப்பு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு ஒன்றுமே இல்லாமல் என்று கட்டுக்கடங்காமல் ஓடியது. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிவிட்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஈசிஜி எடுக்க அனுப்பினேன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடத்தால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அவருக்கு உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கினார்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற அவசரம் இத்தகையவர்களிடம் உதவாது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) அறுவடை செய்பவர்கள் வேறு விதமாக வருவார்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாளோ உளியோ வழுக்கி முன்கையைக் கிழித்திருக்கும். காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிவந்த ரத்தம் துடிப்புக்கு ஏற்பப் பீறிட்டால் தமனி அறுந்திருக்கிறது. கருஞ்சிவப்பாக வழிந்தால் பெரும்பாலும் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். எதுவாக இருந்தாலும் சுத்தமான துணியைக் காயத்தின்மேலேயே வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ரத்தம் நின்ற பிறகு காயத்துக்கு அப்பால் விரல் நுனிவரை துடிப்பும் சூடும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். ரத்தம் நிறைய இழந்தவருக்கு மணிக்கட்டுத் துடிப்பு முதலில் மங்கும், தொடையிடுக்கிலும் கழுத்திலும் பிறகும் கிடைக்கும். கழுத்தில் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் தொட வேண்டும். கைக்குழந்தைக்குக் கழுத்து குட்டையாகவும் சதைப்பிடிப்பாகவும் இருப்பதால் மேல்கையின் உட்புறத்தில் தேடுவோம்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போவது பாதத்துக்குத்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். இனிப்புநீர் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் இந்த நோய் பாதத்தில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, தமனியையும் அடைக்கிறது. செம்பனை மட்டையின் முள் ஏறினால் வலி தெரியாது, ஏறிய இடத்தை ஆற்றுவதற்கு ரத்தமும் போதாது.

பாதத்தில் இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலை மேலே தூக்கினால் பாதத்தின்மேல் ஒரு தசைநாண் எழும்பும். அதை ஒட்டி வெளிப்பக்கத்தில் ஒரு துடிப்பு. உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இன்னொன்று. முதலாவது சில ஆரோக்கியமானவர்களுக்குப் பிறப்பிலேயே கிடைக்காது, அதனால் அது ஒன்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டும் கிடைக்காமல், பாதம் குளிர்ந்து, தோல் மினுமினுத்து, முடி உதிர்ந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நான் அன்றே கடிதம் எழுதிவிடுவேன்.

செம்பனை ஆலையில் காவலுக்கு இருந்த ஒருவர் நீண்ட காலமாக எங்களிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கியவர். நடந்தால் ஆடுதசை இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பார். வயசாகிவிட்டது என்று தானே காரணமும் சொல்லிக்கொள்வார். புகையும் பிடிப்பார். ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். காலுறை நுனியில் ஈரம். நான்காவது விரல் கறுத்திருந்தது, அவருக்கே தெரியாது. இரண்டு இடங்களிலும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்த விகிதம் 0.9க்குக் கீழே போனாலே தமனி குறுகியிருக்கிறது என்று பொருள்; அவருக்கு அதில் பாதிகூட இல்லை. இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. அதற்குப் பிறகு நீரிழிவு நோயாளி எவரையும் காலணியோடு நான் வெளியே அனுப்பியதில்லை. வரிசை நீண்டாலும், வெளியே முணுமுணுத்தாலும் சரி.

சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு துடிப்பு உண்டு, அது மனிதர் உண்டாக்கியது. முன்கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் 1966இல் வெளியிட்ட முறை. தமனியின் அழுத்தம் நேராகப் பாய்வதால் சிரை சில வாரங்களில் பருத்துத் தடித்து, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும் நிலைக்கு வருகிறது. அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு இருக்கும். இதை நோயாளி தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், கண் தெரியாதவருக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். சீக்கிரம் போனால் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அந்தக் கையில் தலைவைத்துத் தூங்காதீர்கள், இறுக்கமான வளையலோ கடிகாரமோ போடாதீர்கள். ரத்தம் எடுக்கவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ அந்தக் கையை யார் கேட்டாலும் தராதீர்கள், வெள்ளைச் சட்டை போட்டு நானே வந்து கேட்டாலும் சரி.