பாதி பி.காமோடு ஒரு இடமாற்றம்

மதுரையில் பி.காம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோதே, அமெரிக்காவில் இளநிலை வணிகப் படிப்புக்கு இடமாற்ற மாணவியாக, அதாவது இங்கே படித்த பாடங்களைக் கணக்கில் வைத்து அங்கே நடுவில் சேர, விண்ணப்பித்தேன். வீட்டிலும் கல்லூரியிலும் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: இன்னும் ஒரு வருடத்தில் பட்டம் கைக்கு வந்துவிடுமே, முடித்துவிட்டு எம்.பி.ஏ.வுக்குப் போனால் என்ன? நியாயமான கேள்வி. ஆனால் நம் பி.காம் மூன்றாண்டு, அங்கே இளநிலைப் பட்டம் நான்காண்டு. அங்குள்ள முதுநிலைப் படிப்புகள் பல, பதினாறு ஆண்டுக் கல்வியைக் கேட்கின்றன. இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "போட்டுப் பார் பாப்பா" என்றார். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். சரக்கைப் பார்க்காமல் விலை பேசமாட்டார்.

முதல் ஆசை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஹாஸ் வணிகப் பள்ளி. விதிகளைப் படித்ததும் அந்த ஆசை அடங்கியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இடமாற்ற மாணவர்களைப் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் சேர்க்கிறது. அதற்குள் 60 செமஸ்டர் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் எண்ணிக்கை) முடித்திருக்க வேண்டும். முன்னுரிமை அந்த மாநிலத்துச் சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) மாணவர்களுக்கு. மற்ற இடங்களிலும் இடமாற்றத்துக்கென்று நிலையான எண்ணிக்கை கிடையாது. உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் விலகுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் வாசல் திறக்கும். ஒரு வருடத்துக் கணக்கை வைத்து அடுத்த வருடத்துக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

எல்லோரும் கட்டுரை, கட்டுரை என்று பறக்கிறார்கள். இடமாற்ற விண்ணப்பத்தில் முதலில் கையில் எடுக்க வேண்டியது பாடத்திட்டம் என்பேன். புதிதாகச் சேர்கிறவனிடம் என்ன செய்வான் என்று பார்க்கிறார்கள். இடம் மாறுகிறவளிடம் கல்லூரியில் இதுவரை என்ன செய்தாள் என்று பார்க்கிறார்கள். நல்ல வணிகப் பள்ளிகள் கேட்கும் முன்பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: கால்குலஸ், புள்ளியியல், நுண்பொருளியல், பேரினப் பொருளியல், நிதிக் கணக்கியல், ஆங்கிலத்தில் கட்டுரை எழுத ஒரு பாடம். நமது மதிப்பெண் பட்டியலில் 'பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்' என்று ஒரு வரிதான் இருக்கும். அதற்குள் வட்டிக் கணக்கு இருக்கிறதா, அணிகள் இருக்கிறதா, வகையீடு எதுவரை போகிறது என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தாளுக்கும் அலகு வாரியாகப் பாடத்திட்டம், மணிக்கணக்கு, பாடநூல் பெயர், எல்லாவற்றையும் துறை முத்திரையோடு வாங்கி ஒரு கோப்பாகக் கட்டினேன். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் வளாகத்தில் இருக்கும் தேர்வுப் பிரிவிலேயே வேலை முடிந்தது. இணைப்புக் கல்லூரியில் படித்த தோழி இதற்காகப் பல்கலை நகருக்கு அலைந்தாள்.

கோப்பைக் கட்டும்போதுதான் கால்குலஸ் இடித்தது. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் கால்குலஸின் ஒரு பகுதியான தொகையீடு படித்திருக்கிறேன். ஆனால் பள்ளியில் படித்ததைக் கல்லூரிக் கிரெடிட்டாக எண்ணமாட்டார்கள், பி.காம் தாளிலோ தொகையீடு இல்லை. ஆகவே அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் இணையவழியில் கால்குலஸ் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் படித்தேன். கேமரா முன்னால் நள்ளிரவில் தேர்வு. மாட்டுத்தாவணிப் பக்கம் மின்வெட்டு வராதிருக்க வேண்டிக்கொண்டது தனிக் கதை.

பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தை அனுப்ப வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம் படித்ததை வணிகப் பள்ளிக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அனுப்பினேன். பிறகு வந்த கிரெடிட் மதிப்பீட்டில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 படித்த வணிகச் சட்டத் தாளுக்கும், 2013 கம்பெனிச் சட்டத் தாளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழுக்கு, மொழி இலக்கியம் அடங்கிய ஹியூமானிட்டீஸ் பிரிவில் முழுக் கிரெடிட் கிடைத்தது.

கட்டுரைக் கேள்வி: ஏன் மாற விரும்புகிறீர்கள்? இருக்கும் கல்லூரியைக் குறை சொல்லி எழுதினால் கோள் சொல்வதுபோலத் தொனிக்கும். நான் கடையை எழுதினேன். ராமநாதபுரம் முண்டு மிளகாய் மூட்டை வந்திறங்கினால் அப்பா கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்குவார். விதை கலகலவென்று ஆடினால் காய்ந்த சரக்கு. சத்தம் அமுங்கினால் ஈரம். எடையில் கழித்துக்கொண்டுதான் விலை. அதே மிளகாய்க்கு ரொக்கத்துக்கு ஒரு விலை, நாற்பத்தைந்து நாள் தவணைக்கு ஒரு விலை. வட்டி என்ற பேச்சே எழாது, விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். யாருக்குத் தவணை, யாருக்கு ரொக்கம் மட்டும் என்பது அவர் மனக்கணக்கு. பி.காமில் அந்த விற்பனையைப் பேரேட்டில் பதியக் கற்றுக்கொண்டேன். தவணையின் விலை எப்படி முடிவாகிறது என்பதைப் படிக்க வேண்டும், அதற்கு உங்களிடம் இன்னின்ன பாடங்கள் இருக்கின்றன என்று எழுதினேன். இதே கட்டுரையை ஒரு கல்வி ஆலோசனை மையம் 'தலைமைப் பண்பு' தூவித் திருத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பரிந்துரைக் கடிதம் வேறு மாதிரி இடைஞ்சல். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போகும். அவரே உள்ளே நுழைந்து பதிவேற்ற வேண்டும். எங்கள் மேடம் வகுப்பில் புலி; கடிதத்தில் 'பணிவும் ஒழுக்கமும் உள்ள மாணவி' என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். வகுப்பில் நான் கேட்ட கேள்விகள், செய்த திட்டக் கட்டுரை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கடிதம் நன்றாக வந்தது. அலுவலகத்திலோ, இடமாற்றம் என்றதும் டி.சி. விண்ணப்பத்தை நீட்டினார்கள். அதை வாங்காதீர்கள். டி.சி. வாங்கியபின் விசா கிடைக்காமல் போனால் மறுபடியும் சேர்வது பெரும்பாடு. அப்போதைக்குத் தேவை, விண்ணப்பத்தோடு வரும் கல்லூரி அறிக்கைப் படிவத்தில் கையெழுத்தும் மதிப்பெண் சான்றும்தான்.

முடிவுகள் மே மாதம் வரத் தொடங்கின. சில இடங்களில் மறுப்பு. ஒன்றில் 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்த கடிதத்தை இரண்டாம் பத்திவரை படித்தால், பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு, வணிகப் பள்ளியில் இல்லை. பொருளியலில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து மறுபடி போட்டியிடலாம் என்று இருந்தது. அதற்கு அவ்வளவு பணம் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேரடியாக வணிகப் பள்ளியிலேயே சேர்த்துக்கொண்ட இன்னொன்றை எடுத்தேன். முன்பணம் கட்டுமுன் எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஏறக்குறைய ஒன்றரை வருடம் தேறியது.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கு, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். வியாபாரிக்குப் பணம் சரக்கில் இருக்கும், வங்கியில் இருக்காது. வீட்டின் மேல் கல்விக்கடன். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் என்று அந்த மாதம் போனது. அதன்பின் அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர் கட்டினேன். பாண்டியனில் சென்னைக்குப் போய் அண்ணா மேம்பாலத்தருகே துணைத் தூதரகத்தில் நின்றேன். ஏன் நடுவில் மாறுகிறாய் என்றார் அதிகாரி; எந்தப் பாடத்துக்காக என்று சொன்னேன். வேறு பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் நான்காம் பருவத் தேர்வை அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. இறுதி மதிப்பெண் பட்டியல் வரவேண்டும் என்ற நிபந்தனை அந்தக் கடிதத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் முடிவு ஜூனில் வந்தது; அங்கே வகுப்பு ஆகஸ்டில். பட்டியலை வாங்கிய அன்றே சீல் வைத்த உறையில் கூரியரில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகுதான் டி.சி.க்கு எழுதிக் கொடுத்தேன்.